ஒருமுறை எண்ணினால் போதுமா?

குடிசனத் தொகைமதிப்பு என்றவுடன், அது கச்சேரிக்கும் கிராம அலுவலருக்கும் உரிய விடயம் என்று நாம் விட்டுவிடுகின்றோம். ஆனால் ஓர் ஊருக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை மருத்துவமாது, எத்தனை மூடை அரிசி என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையில் இருந்துதான் தொடங்குகின்றன. எண்ணிக்கை பிழைத்தால் அதன் தாக்கம் முதலில் எமது அடுப்படியில்தான் தெரியும்.

வன்னிப் பெண்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 2001 இல் நடந்த தொகைமதிப்பில் 18 மாவட்டங்களே முழுமையாக எண்ணப்பட்டன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எண்ணப்படவில்லை. 2009 பெப்ரவரியில் வன்னிக்குள் 70,000 பேர்வரைதான் இருக்கின்றார்கள் என்று அரசாங்கம் கூறியது. இறுதியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ ஏறத்தாழ 290,000 பேர். இடைப்பட்ட மாதங்களில் உணவும் மருந்தும் போதாமல் எத்தனை தாய்மார் தவித்தார்கள்!

2011 இல் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். வெளியே வந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்திருந்தால்தான் இதற்குப் பதில் கிடைத்திருக்கும்.

அவ்வாறு ஒப்பிடுவதற்கு ஒரு வழி உண்டு. தொகைமதிப்பு முடிந்தபின், தெரிவுசெய்த சில இடங்களில் வேறொரு குழு, முதற் பட்டியலைப் பாராமலே வீடு வீடாக மீண்டும் எண்ணும். பின்னர் இரு பட்டியல்களும் ஆளுக்கு ஆள் ஒப்பிடப்படும். ஓர் ஊரில் முதற் குழு 90 பேரையும் இரண்டாம் குழு 80 பேரையும் எழுதியதாக வைத்துக்கொள்வோம். இரு பட்டியலிலும் இருப்பவர்கள் 72 பேர். அப்படியானால் இரண்டாம் குழு கண்ட 80 பேரில் 8 பேரை முதற் குழு தவறவிட்டுள்ளது, பத்துக்கு ஒருவர். ஆகவே அவ்வூரில் ஏறத்தாழ 100 பேர் இருக்க வேண்டும்.

தென்னாபிரிக்காவின் 2022 தொகைமதிப்பில் நூற்றுக்கு 31 பேர் விடுபட்டது இப்படித்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் 2020 இல் கூடுதலாக விடுபட்டவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அடங்குவர்.

எங்கள் மாதர் சங்கத்தில் இதை நான் விளக்கியபோது ஓர் அக்கா, "ஒருக்கால் எழுதிக்கொண்டு போனவை ஏன் திரும்பவும் வரவேணும்? எங்களில ஐமிச்சமோ?" என்று கேட்டார். "எங்களில இல்லை அக்கா, கணக்கிலதான்" என்றேன். பதிவு என்றாலே நடுங்கிய காலம் எமக்கு இருந்தது. அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் தொகைமதிப்பில் நாம் சொல்லும் தனிப்பட்ட விபரங்கள் இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம்.

31 ஆண்டுகளின் பின் 2012 இல்தான் எமது இரு மாவட்டங்களும் தொகைமதிப்பில் எண்ணப்பட்டன. கிளிநொச்சியில் 113,510 பேர், முல்லைத்தீவில் 92,238 பேர். 2024 டிசெம்பரில் மீண்டும் எண்ணப்பட்டோம்.

இனி எண்ண வருபவர்களுக்கு விபரம் சொல்லப்போவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் நாமே. கைக்குழந்தையையும், தமக்கை வீட்டில் ஒதுங்கி வாழும் கணவனை இழந்த தங்கையையும், மூலையில் படுத்திருக்கும் அம்மம்மாவையும் மறவாமல் சொல்லுவோம். இரண்டாம் முறை வந்தாலும் சலிக்காமல் சொல்லுவோம். சரிபார்க்கப்படாத எண்ணிக்கைக்கு நாம் கொடுத்த விலை போதும்.