நீ ஆர், உனக்கு என்ன வேணும்?

பாக்குவெட்டியின் அலகுகளுக்கு நடுவே ஒரு தேசிக்காய். பேயோட்டும் கட்டாடியார் அதை நோயாளியின் உச்சியில் பிடித்து, மந்திரத்தை முணுமுணுத்தபடி தோள், நெஞ்சு, முழங்கால் என்று இறக்கிக்கொண்டு வருகிறார். பாதத்துக்கு வந்ததும் ஒரே வெட்டு. இரண்டு பாதியும் தரையில் உருள, வேப்பிலை வாசத்தோடு புளிப்பு வாசமும் சேர்ந்து எழுகிறது. மட்டக்களப்பு வாவிக்கரையில் கழிப்புக் கழிப்பது இப்படி.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தார் பேச்சு. பாதி அறிந்த பேச்சு அது. ஒட்டியதைப் பிரித்து, நோகாமல் வழியனுப்புவதில்தான் கட்டாடியாரின் திறமை முழுதும் இருக்கிறது.

பேயை இங்கே கொல்வதில்லை. முதலில் பேரைக் கேட்கிறார்கள்: “நீ ஆர்? உனக்கு என்ன வேணும்?” பேரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது பேரம். கேட்டதை மடையில் வைத்து, திரும்பி வருவதில்லை என்று சத்தியம் வாங்கி, எல்லைக்கு வெளியே அனுப்புகிறார்கள்.

அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் ஸ்டித் தாம்சன் 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட கதைக்கூறு அடைவில், பேரைக் கண்டறிந்து அமானுடரை அடக்குவதற்கென்றே தனி எண் உண்டு. கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் கதையில், பேரைச் சொன்ன மாத்திரத்தில் குள்ளன் தோற்றுப்போகிறான். இரும்புக்குப் பேய் அஞ்சும் என்பதும் ஐரோப்பாவுக்கும் நமக்கும் பொது, பாக்குவெட்டியும் இரும்புதானே. தென்னிலங்கையின் சன்னி யக்குமவில் பதினெட்டு நோய்ப் பேய்கள் முகமூடியோடு வந்து, காணிக்கை பெற்றுக்கொண்டு போகின்றன. வாவியோர முஸ்லிம் ஊர்களில் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். இசுமு எழுதிக் கட்டுவார்கள்.

இந்த வழிகள் அத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வந்திருப்பது யாரென்று தெரிய வேண்டும். இலங்கையின் உள்நாட்டுப் போர் அந்த நிபந்தனையையே உடைத்துப் போட்டது.

1990 செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. உடல் இல்லை, எனவே கொள்ளி இல்லை, எட்டுச் செலவு இல்லை. செத்தவருக்குப் படையல் வைக்கலாம். காணாமல் போனவருக்கு எதை வைப்பது?

அந்தப் பத்தாண்டில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ், வாக்குக் கேட்க வந்த இப்படியான குடும்பங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பறைமேளம் ஓய்ந்து, தெய்வமாடும் பெண் மூச்சிரைக்க நிற்கும்போது தாய்மார் நெருங்கி வந்து கேட்டது ஒன்றைத்தான்: பிள்ளை உயிரோடு இருக்கிறானா?

வாக்குச் சொல்ல வேண்டியவளுக்கும் வீட்டில் ஒருவர் காணாமல் போயிருக்கலாம்.