காது கேட்க வந்தவர் காதிலே பூ!

"ஐயா, இப்போ நான் பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குது தம்பி! நல்லாக் கேக்குது!"

இப்படிச் சொன்னவர் என் பெரியப்பா. வயது 71. சொல்லும்போதே அவர் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது.

இடம், ஈரோட்டில் ஒரு கடை. காது கேட்கும் கருவி விற்கிற கடை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், மெத்தை நாற்காலி எல்லாம் உண்டு. கடையின் பெயர் வேண்டாம். ஒரு கடையோடு முடிகிற சமாசாரம் இல்லை இது.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பெரியப்பா நிமிர்ந்தபோது, எதிரே இருந்த இளைஞர் ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் இருந்த தொகை ரூ.2,40,000!

இன்றைக்கு ஒரு நாள்தான்!

பெரியப்பாவின் முகம் மாறியதை அந்த இளைஞர் பார்த்துவிட்டார். உடனே பேனாவை எடுத்தார். தொகையை அடித்தார். பக்கத்திலே ரூ.1,20,000 என்று எழுதினார்.

"இது உங்களுக்காக மட்டும் பண்றதுங்க ஐயா. கம்பெனி மேனேஜர் இன்னைக்கு வந்திருக்கார். சாயங்காலம் கோயமுத்தூர் போயிருவார். நாளைக்கு வந்தீங்கன்னா பழைய விலைதான்."

கூடப் போயிருந்த என் அண்ணன், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்றார்.

"கலந்து பேசுங்க, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. காது நரம்பு நாளுக்கு நாள் செத்துட்டே இருக்கும். இன்னும் ஆறு மாசம் விட்டா கருவி போட்டாலும் கேக்காது. அப்பாவுக்குக் கேக்கணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க!"

இப்படிக் கேட்டால் எந்த மகன்தான் "வேண்டாம்" என்பான்? அதுவும் தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது!

மாதத் தவணையும் உண்டு என்றார்கள். முன்பணமாக 15,000 ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அது பெரியம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். மிச்சத்துக்கு நகையை வைக்கலாம் என்று பேச்சு நடந்தது. அந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

"இலவசப் பரிசோதனைன்னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க கண்ணு. அதுக்குத்தான் போனேன்" என்றார் பெரியப்பா. ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல அவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தறி தின்ற காது

பெரியப்பா வீரப்பன்சத்திரத்தில் நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். ஈரோட்டுக்காரர்களுக்கு விவரம் சொல்ல வேண்டியதில்லை. வீரப்பன்சத்திரம், சித்தோடு, ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் "டக்கு டக்கு" என்று விசைத்தறிச் சத்தம்தான். தறிக் கொட்டகைக்குள் நின்று பேசுகிறவர்கள் வாயால் பேசுவதில்லை, கையால் பேசுகிறார்கள்.

இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் 60 டெசிபல் அளவு. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது சட்டம். வரிசையாகத் தறி ஓடுகிற கொட்டகையில் சத்தம் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். எட்டு மணி நேரத்தோடு வேலையை நிறுத்துகிறவர்தான் எத்தனை பேர்?

உட்காதிலே நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர் முளைத்த செல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சத்தம் அடித்து அடித்து அவை செத்துப்போகின்றன. செத்தது மறுபடி முளைப்பதில்லை. அதிலும் மேல் ஸ்தாயி ஒலியைப் பிடிக்கிற செல்கள்தான் முதலில் போகின்றன.

இதனால்தான் தறிக்காரர்கள், "பேசறது கேக்குது, ஆனா என்ன பேசறாங்கன்னு புரியலை" என்கிறார்கள். அ, ஆ, ஓ போன்ற ஒலிகள் கீழ் ஸ்தாயி, அவை கேட்கும். ச, த, க போன்றவை நழுவிவிடும். சட்டி, தட்டி, கட்டி மூன்றும் ஒன்றாகக் கேட்கும். பேத்தி "சட்டை" என்றால் தாத்தா "கட்டை" என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். தாத்தாவும் முதலில் சிரிப்பார். பிறகு பேச்சைக் குறைத்துக்கொள்வார். கடைசியில் திண்ணையோடு நின்றுவிடுவார்.

பல வீடுகளில் நடக்கிற கதை இது. 2050-ல் உலகத்தில் சுமார் 250 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் காது மந்தம் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் கணித்திருக்கிறது. வியாபாரத்துக்குக் குறைவே இல்லை!

அறைக்குள்ளே அற்புதம்

கடையில் பெரியப்பாவுக்கு நன்றாகக் கேட்டதே, அது பொய்யா?

பொய் இல்லை. யுக்தி அங்கேதான் இருக்கிறது. கதவைச் சாத்திய அமைதியான அறை. எதிரே ஒரே ஆள். அவர் நிறுத்தி நிதானமாக, முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அந்த இடத்தில் எந்தக் கருவியை மாட்டினாலும் கேட்கும். கருவிக்கு உண்மையான சோதனை பன்னீர்செல்வம் பார்க்கில் நிற்கும்போதும், பஸ் நிலையத்திலும், கல்யாணப் பந்தியிலும்தான். அந்த அனுபவம் கிடைப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

கடையில் செய்த பரிசோதனையும் பத்தே நிமிஷம். காதுக்குள்ளே விளக்கு அடித்துக்கூடப் பார்க்கவில்லை! கம்ப்யூட்டர் திரையில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. "பாத்தீங்களா, எவ்வளவு கீழே போயிடுச்சு!" என்று காட்டினார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் பெரியப்பாவைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். சிரித்தார். வலது காதில் குறும்பி கல்லாக இறுகிக் கிடந்தது! அதை எடுத்ததும் பெரியப்பா, "ஃபேன் சத்தம் கேக்குதுங்களே!" என்றார்.

முழுவதும் சரியாகிவிடவில்லை. தறி தின்றது தின்றதுதான். சத்தம் புகாத அறையில் வைத்து, காற்று வழியும் எலும்பு வழியும் தனித்தனியாகச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் நடுத்தர அளவு மந்தம். கருவி தேவைதான். ஆனால் கடையில் காட்டிய சிவப்புக் கோடு அத்தனையும் நரம்பின் கோளாறு அல்ல, பாதி குறும்பி!

குறும்பியாவது பரவாயில்லை. நேற்று வரை நன்றாகக் கேட்ட ஒரு காது திடீரென்று இரண்டொரு நாளில் அடைத்துப்போனால் அது ஆபத்து. உடனே மருந்து கொடுத்தால் கேட்கும் சக்தியைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் போனால் வாய்ப்பு குறைந்துவிடும். காதில் சீழ், தலை சுற்றல், ஒரே காதில் இரைச்சல் இருந்தாலும் இப்படித்தான். அப்படிப்பட்டவர் டாக்டரிடம் போகாமல் நோட்டீஸைப் பார்த்துக் கடைக்குப் போனால் நஷ்டம் பணத்தோடு நிற்காது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை

இது ஏதோ நம் ஊர்க் கோளாறு என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் அரசாங்கத்தின் போட்டி, நுகர்வோர் ஆணையம் இதை விசாரித்து 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சில இடங்களில் கருவி பொருத்துகிறவர்களுக்கே விற்பனைக் கமிஷனும், "இவ்வளவு விற்க வேண்டும்" என்ற இலக்கும் இருப்பது அதில் வெளியாயிற்று. விலை உயர்ந்த கருவியை விற்றால் அவருக்கு லாபம். அப்புறம் அவர் காதைப் பார்ப்பாரா, பையைப் பார்ப்பாரா? மறு வருஷம், வயதானவர்களைக் குறிவைத்துத் தவறான விளம்பரம் செய்ததற்காக இரண்டு கம்பெனிகளுக்கு அங்குள்ள கோர்ட்டு மொத்தம் 25 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

அமெரிக்காவில் வேறு வழி பார்த்தார்கள். லேசான, நடுத்தர மந்தம் உள்ள பெரியவர்கள் சீட்டு இல்லாமலே கடையில் கருவி வாங்கலாம் என்று 2022 அக்டோபரில் விதி அமலுக்கு வந்தது. 1950-களின் தொடக்கத்தில் முதல் டிரான்சிஸ்டர் கருவிகள் விற்பனைக்கு வந்ததும் அதே நாட்டில்தான். சட்டைப் பைக்குள் பெட்டியும், காதுக்கு ஒயருமாக இருந்த சாதனம் இன்று காதின் பின்னே ஒளிந்துகொள்கிறது. விலை மட்டும் ஒளிந்துகொள்ள மாட்டேன் என்கிறது!

விலை ஏன் இப்படி? உலகத்துக் கருவிகளில் பெரும்பகுதியை டென்மார்க், ஸ்விட்சர்லாந்து, அமெரிக்கா நாடுகளைச் சேர்ந்த ஐந்து பெரிய கம்பெனிக் கூட்டங்களே செய்கின்றன. ஒரே குடும்பக் கருவியிலேயே சாதாரணம், நடுத்தரம், உயர்தரம் என்று படி படியாக விலை வைக்கிறார்கள். "8 சேனல், 16 சேனல், 24 சேனல்" என்று அடுக்குவார்கள். பெரும்பாலும் வீட்டிலும் கோவிலிலும் பேசிக்கொண்டிருக்கும் 71 வயதுக்காரருக்கு எல்லாவற்றிலும் மேல்படிதான் வேண்டுமா என்று கேட்டால் பதில் வராது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கருவியின் விலையில் அதைப் பொருத்துகிறவரின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. செருப்பு வாங்குவது போல வாங்கி மாட்டிக்கொண்டு போகிற பொருள் இல்லை இது. மூளைக்குப் பழகச் சில வாரம் ஆகும். இரண்டு மூன்று தடவை போய்ச் சத்தத்தைத் திருத்தி அமைக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்து தருகிற நல்லவர்களும் ஈரோட்டில், கோவையில் இருக்கிறார்கள். இரண்டு காதுக்கும் போடச் சொல்வதும் எப்போதும் பேராசை அல்ல. இரண்டும் மந்தமானால் இரண்டுக்கும் போடுவதே நல்லது.

சரி, நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். காதைச் சோதித்துக் கருவி பொருத்துகிறவர் ஆடியாலஜிஸ்ட் படிப்புப் படித்து, 1992-ம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்வது தண்டனைக்கு உரிய குற்றம். பதிவு உள்ளவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சோதித்த வரைபடத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவியைச் சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுப்பீர்களா, பிடிக்காவிட்டால் பணம் வருமா என்று கேட்டு, சொல்வதை எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது. "வரியோடு இவ்வளவு" என்று யாராவது சொன்னால் உஷார்!

ஆயிரம் ரூபாய் ஓடுகிற மலிவுக் கருவிகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். அவற்றில் பல, எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருக்கித் தள்ளுகிறவை. பாத்திரம் விழுந்தால் தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

பணமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஈரோடு அரசு தலைமை மருத்துவமனையிலும், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காதைக் காட்டலாம். மந்தம் அதிகமாகி ஊனச் சான்று பெறும் அளவுக்கு இருந்தால், பெருந்துறை ரோட்டிலே கலெக்டர் ஆபீசில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுத்து இலவசக் கருவி பெறலாம். 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு 2017-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் உண்டு. இன்னும் நுட்பமாகச் சோதிக்க விரும்புகிறவர்கள் திம்பம் மலை ஏறி மைசூருக்குப் போகலாம். பேச்சுக்கும் காதுக்குமென்றே 1965-ல் அங்கே நிறுவப்பட்ட அகில இந்திய நிலையம் இருக்கிறது.

முன்பணம் என்ன ஆயிற்று?

பெரியப்பா கட்டிய 15,000 ரூபாய்க்குக் கடையில் முறையான பில் கொடுக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டுதான். அதன் அடியில் எறும்பு எழுத்தில், "முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது".

அண்ணன் போய்க் கேட்டார். "ஆர்டர் போயாச்சுங்க" என்றார்கள். மறுபடி போனார். "மேனேஜர் இல்லைங்க" என்றார்கள். மேனேஜர்தான் கோயமுத்தூர் போய்விட்டாரே!

பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். தமிழிலேயே புகாரைச் சொன்னோம். ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் குறித்து, "பில் கொடுக்காதது 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம், பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்" என்று கடைக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஆணையத்துக்குப் போக வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். 14,000 ரூபாயை எண்ணி வைத்தார்கள்.

"மீதி ஆயிரம்?"

"டெஸ்ட் பண்ணினதுக்குச் சார்ஜுங்க!"

இலவசப் பரிசோதனை என்று போட்ட அந்த நோட்டீஸை அண்ணன் பைக்குள் வைத்திருந்தார். எடுத்து மேஜைமேல் விரித்தார். ஆயிரமும் வந்தது.

பெரியப்பாவுக்குப் பதிவு பெற்ற ஓர் ஆடியாலஜிஸ்டிடம் இரண்டு காதுக்கும் சேர்த்து 44,000 ரூபாயில் கருவி வாங்கினோம். பத்து நாள் வீட்டில் போட்டுப் பார்த்த பிறகே மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு தடவை திருத்தியும் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். பெரியப்பா திண்ணையில் இல்லை. உள்ளே பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் வாசலிலிருந்தே, "பெரியப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்.

"ஏங்கண்ணு இப்படிக் கத்தறே? எனக்கென்ன காதா கேக்காது?"