கொழுக்கட்டைக்கு உக்ரேனில் ஓர் உடன்பிறப்பு

விநாயகர் சதுர்த்தி நம் நாட்டில் பொது விடுமுறை அல்ல. 2025இல் அது ஆகஸ்ட் 27, புதன்கிழமை வந்தது. ஆயர் குரோவில் வேலை செய்யும் ஒருவர் மாலை ஐந்தரைக்குக் கிளம்பி, நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடும். குளித்து, விளக்கேற்றி, அதன் பிறகு மாவு கிளறி, பூரணம் கிண்டி, 21 கொழுக்கட்டை பிடித்து அவித்து இறக்குவதற்குள் மணி ஒன்பது. பிள்ளையார் காத்திருப்பார். மறுநாள் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பல வீடுகளில் கொழுக்கட்டை இப்போது வாட்ஸ்அப்பில் சொல்லி வைத்து வாங்கும் பொருளாகிவிட்டது. வாங்குவதைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலிருந்தபடி செய்து விற்கும் பெண்களும் நம்மவர்கள்தான். ஆனால் பத்து வருடம் வாங்கியே பழகிவிட்ட வீட்டில், மாவைச் சொப்பாகப் பிடித்து மூடத் தெரிந்த கை அநேகமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது பாட்டியின் கை.

மற்ற மாநிலத்தாரைவிட மலாக்காக்காரர்களான நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டும். நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில் நம் ஊரில் இருக்கிறது. அதில் குடியிருப்பவரோ கொழுக்கட்டைப் பிரியர். ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், டச்சுக்காரர் ஆட்சியில், செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் 1781இல் எழுந்தது. மோதகத்தின் வயதோ அதைவிடப் பல நூற்றாண்டு அதிகம். மதுரை நகர்க் கடைத்தெருவில் மோதகம் விற்றதை மதுரைக்காஞ்சியே சொல்கிறது. கடையில் வாங்குவதும் நமக்குப் புதிதல்ல என்று யாராவது இதை வைத்து வாதாடலாம். ஆடட்டும்.

தோட்டத்தில் இது எப்படி நடந்தது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜாசின் பக்கத்துத் தோட்டம். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம். போகும்போதே அரிசியை ஊறப் போட்டுவிட்டுப் போவார்களாம். மத்தியானம் பால் எடை போட்டுத் திரும்பியதும் ஒரு வீட்டு உரலில் இடி, அடுத்த வீட்டில் சலிப்பு, இன்னொரு வீட்டில் தேங்காய்த் துருவல். சாயங்காலம் லயத்து வாசலில் பாய் விரித்து நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் நூறு கொழுக்கட்டை ஒரு பேச்சு முடிவதற்குள் ஆகிவிடும். யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை, எந்தத் தண்டல் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்த மாவோடு சேர்ந்தே பிசையப்பட்டது. சிறுமிகளுக்குக் கடைசியில் மிஞ்சும் மாவு கிடைக்கும். அதில் அவர்கள் பிடித்த கோணல்மாணல் கொழுக்கட்டையும் சேர்ந்துதான் வேகும். கற்றுக்கொடுத்தல் என்று தனியாக எதுவும் நடக்கவில்லை.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் தூங்கிய பிறகு பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை விதவிதமான உருவங்களில் பிடிப்பார்கள். ஆண் கண்ணில் படக்கூடாது, ஆண் வாயிலும் விழக்கூடாது. எதற்காக இத்தனை மறைவு என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது, பெண்கள் ஓர் இரவு தங்களுக்குள் உட்கார்ந்து பேச கொழுக்கட்டை ஒரு நல்ல சாக்கு.

கூட்டமாகச் செய்தபோது இது ஒரு வேலையாகவே தெரியவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த பிறகு அதே வேலை ஒருத்தியின் தலையில் விழுந்தது. கொழுக்கட்டை கடினமாகிவிடவில்லை. செய்ய ஆள்தான் குறைந்துபோனது.

நான் தனியாக முதன்முதலில் செய்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்று தலை யானைப் படம் போட்ட தாய்லாந்து மாவு பாக்கெட் நம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். சிவப்பு எழுத்தில் இருப்பது சாதாரண அரிசி மாவு. பச்சை எழுத்தில் இருப்பது புலூட் மாவு. நான் எடுத்து வந்தது பச்சை. இட்லிச் சட்டியைத் திறந்தபோது 11 கொழுக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டு முழுக்க ஒரே பசையாகப் படர்ந்திருந்தது. பூரணத்தை மட்டும் கரண்டியால் வழித்துத் தின்றோம்.

சரியான மாவு வாங்கினாலும் விரிசல் விடுகிறதே என்பது அடுத்த புலம்பல். கோதுமையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் ரப்பர் போல இழுபடும் பின்னலாகிறது. அரிசியில் அந்தப் புரதம் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்த அரிசி மாவு காய்ந்த களிமண் மாதிரி பிளக்கும். அரிசி மாவை இளக்குவது கொதிநீர்தான். அந்தச் சூட்டில் மாவிலுள்ள மாப்பொருள் பாதி வெந்து கூழாகி, மிச்ச மாவைப் பிடித்துக்கொள்கிறது. எனவே தண்ணீர் ‘சுட்டால்’ போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். 2 கப் மாவுக்குச் சுமார் 2 கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, 2 தேக்கரண்டி நல்லெண்ணெய். கொதிக்கும் நீரை மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மரக்கரண்டிக் காம்பால் கிளறி, மூடி வைத்துப் பத்து நிமிடம் மறந்துவிட வேண்டும். கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே எண்ணெய் தொட்டு நன்றாகப் பிசைய வேண்டும். ஆறவிட்டால் மறுபடி விரிசல்தான். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடியே வைக்க வேண்டும்.

பூரணத்துக்கு நமக்கு உள்ளூரிலேயே ஒரு வரம் இருக்கிறது. தென்னம் பாளைச் சாற்றைக் காய்ச்சி உருளையாக வார்க்கும் குலா மலாக்கா. வெல்லத்தில் இல்லாத ஒரு புகைவாசம் அதில் உண்டு. ஆனால் சந்தையில் கரும்புச் சர்க்கரை கலந்தது நிறைய வருகிறது. கல் மாதிரி கெட்டியாக, நாக்கில் வெறும் இனிப்பாக மட்டும் இருந்தால் யோசியுங்கள். முக்கால் கப் குலா மலாக்காவை இரண்டு மேசைக்கரண்டி நீரிலும் ஒரு முடிச்சு பாண்டான் இலையிலும் கரைத்து வடிகட்டி, ஒரு கப் தேங்காய்ப் பூவைப் போட்டு, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிண்டுங்கள். ஏலக்காயும் பாண்டானும் ஒன்றாக வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டும் சண்டை போட்டுக்கொள்கின்றன. பூரணம் ஆறி, உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். ஈரமான பூரணம்தான் பாதி கொழுக்கட்டைகளைக் கிழிக்கிறது. பழியை மாவு சுமக்கிறது. பிடித்தவற்றைப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் மேல்தோல் பளபளக்கும். அதுதான் பதம்.

மூடி வேகவைக்கும் இந்த வித்தை நம்மிடம் மட்டும் இல்லை. மலாக்காவில் பூவா மலாக்கா என்றும் மற்ற இடங்களில் ஓண்டே ஓண்டே என்றும் சொல்லும் பச்சை உருண்டை இதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதற்குத்தான் பச்சை எழுத்து மாவு. உள்ளே குலா மலாக்காத் துண்டு, வெளியே தேங்காய்ப் பூ. அது ஆவியில் வேகாது, கொதிநீரில் போடுவார்கள். வெந்ததும் தானே மிதந்து மேலே வரும். இதே மிதக்கும் பதத்தை நம்பி, வெகு தொலைவில் பனிகொட்டும் ஊரில் ஒரு பலகாரம் செய்கிறார்கள். அதன் பெயர் வரேனிக்கி.

உக்ரேன் மொழியில் வேகவைத்தல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர். கோதுமை மாவை மெல்லியதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, உள்ளே உருளைக்கிழங்கோ, திரித்த பாலோ, புளிக்கவைத்த முட்டைகோசோ, செர்ரிப் பழமோ வைத்துப் பிறை வடிவில் மூடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு அங்கே 12 வகை விரத உணவு படைப்பார்கள். இறைச்சி கிடையாது, வரேனிக்கி கட்டாயம் உண்டு. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள பொல்தாவாவில் இதை ஆவியிலும் அவிப்பார்கள். பானையில் தண்ணீர் வைத்து, வாயில் துணி கட்டி, துணி மேல் அடுக்கி மூடி! நம் பாட்டிமார் துணி போட்டு இட்லி ஊற்றியது நினைவுக்கு வரவில்லையா?

எனக்குச் செய்முறையைவிட இதன் பயணக் கதை முக்கியமாகப் படுகிறது. உக்ரேனிலிருந்து ஏழை விவசாயிகள் கனடாவின் புல்வெளிப் பகுதிக்குக் குடியேறத் தொடங்கியது 1891இல். கங்காணிகள் நம் முன்னோரை மலாயாவுக்கு அழைத்து வந்த அதே காலகட்டம். அவர்களும் காடு திருத்தினார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறவிட்டார்கள். வரேனிக்கியை மட்டும் விடவில்லை. அங்கே அதைப் பெரோகி என்கிறார்கள். ஆல்பர்ட்டா மாநிலத்தில் கிளெண்டன் என்ற சின்ன ஊரில், முள்கரண்டியில் குத்திய பெரோகிக்கு 1991இல் 27 அடி உயரத்தில் சிலையே வைத்துவிட்டார்கள்!

சிலையல்ல அதைக் காப்பாற்றியது. உக்ரேனியத் தேவாலயங்களின் கீழ்த்தளக் கூடத்தில் வயதான பெண்கள் கூடி, நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பிடிப்பார்கள். ஒருவர் தேய்க்க, ஒருவர் வெட்ட, நாலு பேர் மூட, ஒருவர் அடுப்படியில். விற்ற காசு கோயில் செலவுக்குப் போகும். 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு, அதே மேசைகளில் பிடித்த வரேனிக்கி போர் நிவாரணத்துக்குக் காசாக மாறியது. சமையலறை ஏற்கெனவே தயாராக இருந்தது, கைகளும் தயாராக இருந்தன. நம் கோயில் மண்டபங்களிலும் பெரிய அடுப்பு இருக்கிறது, மடக்கு மேசைகள் இருக்கின்றன. சதுர்த்திக்கு முந்திய ஞாயிறு அவை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கின்றன. அன்று ஒரு மூன்று மணி நேரம் போதாதா?

வரேனிக்கியையும் வீட்டில் செய்து பார்க்கலாம். நம்மிடம் இல்லாத பொருள் எதுவும் அதற்கு வேண்டாம். 400 கிராம் கோதுமை மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய், சுமார் 200 மில்லி வெந்நீர். இங்கே கொதிநீர் தேவையில்லை, கை பொறுக்கும் சூடு போதும். ரொட்டி சானாய் மாவு பிசையும் வீட்டுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஊறாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். அரைக் கிலோ உருளைக்கிழங்கை அவித்து, சூட்டிலேயே கட்டியில்லாமல் மசித்து, பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், உப்பு, மிளகு சேருங்கள். கை தானாகக் கறித்தூள் டப்பாவுக்குப் போகும். முதல் தடவையாவது தடுத்து நிறுத்துங்கள். கறித்தூள் போட்டால் அது வேகவைத்த கறிபாப் ஆகிவிடும்.

மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டி, ஒரு தேக்கரண்டி கிழங்கு வைத்து, பாதியாக மடித்து ஓரத்தை அழுத்துங்கள். ஓரத்தில் மாவுத்தூளோ எண்ணெயோ பட்டிருந்தால் ஒட்டாது. கறிபாப் ஓரத்தை முறுக்கி மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை சுலபம். உக்ரேனியப் பெண்களும் அதே மாதிரி முறுக்குவது உண்டு. உப்புப் போட்டுக் கொதிக்கும் நிறையத் தண்ணீரில் பத்துப் பத்தாகப் போட்டு, அடியில் ஒட்டாமல் ஒருமுறை மெல்லக் கிளறுங்கள். மிதந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம். அரித்தெடுத்து உடனே வெண்ணெயில் புரட்டி, மேலே வதக்கிய வெங்காயம். அவர்கள் புளித்த பாலாடை தொட்டுக்கொள்வார்கள். நமக்குத் துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிர் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி. வேகவைக்காத வரேனிக்கியை மாவு தூவிய தட்டில் ஒட்டாமல் அடுக்கி உறைபெட்டியில் கல்லாக்கி, பிறகு பையில் போட்டு வைக்கலாம். வேண்டிய அன்று உறைந்தபடியே கொதிநீரில் போட வேண்டியதுதான். கொழுக்கட்டையின் அரிசித் தோல் இதற்கு ஒத்துழைக்காது. குளிரில் காய்ந்து வெடிக்கும். ஆனால் பூரணத்தை முந்திய ஞாயிறே கிண்டி, உருண்டை பிடித்து டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாம். அன்று மாலை மாவு கிளறி மூடுவது மட்டுமே மிச்சம். இரண்டு பேர் உட்கார்ந்தால் 21க்கு முக்கால் மணி நேரம்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தோம். எட்டு வயது மகன் பிடித்த நாலும் வாய் பிளந்துதான் வெந்தன. இலையில் அவற்றை முன்வரிசையில் வைக்கச் சொன்னவர் அவனுடைய பாட்டி.