காகத்தை அளவுகோலாக வைத்து வாத்தை எடை போடுவது

மும்பைக் குளம் ஒன்றில் பழக்கமில்லாத வாத்து தென்பட்டால், அது தூர தேசத்து அரிய பறவை என்ற எண்ணமே முதலில் எழும். நிறத்தை மட்டும் பார்த்தால் இந்த ஏமாற்றம் நேரும். நீளத்தைப் பார்ப்பது நம்பகமான வழி. அளவுகோலும் இந்நகரில் எங்கும் கிடைக்கிறது: வீட்டுக் காகத்தின் நீளம் 40 முதல் 43 செ.மீ. சீழ்க்கைச் சிறகி 38 முதல் 42 செ.மீ., குளிர்காலத்தில் வலசை வரும் நீலச்சிறகி 37 முதல் 41 செ.மீ. இரண்டுமே காகத்தளவுதான். புள்ளி மூக்கு வாத்து 55 முதல் 63 செ.மீ., அதாவது காகத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கறுத்த அலகின் நுனி மஞ்சளாகவும், அலகின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிவந்த புள்ளியும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

அடுத்த எண் எடைக்கானது: 1.5 கிலோ. மேலே சொன்ன காட்டு வாத்துகளில் பெரியதான புள்ளி மூக்கு வாத்தின் உச்ச எடை அவ்வளவே. மூக்கின் மேல் கட்டியுள்ள ஆண் செண்டு வாத்து இதற்கு விலக்கு. அது 2 கிலோவுக்கு மேலும் வளரும். மற்றபடி 2 கிலோவுக்கு மேல் கனத்து, கரையை விட்டு எழவே சிரமப்படும் வாத்து பெரும்பாலும் வளர்ப்பு இனம். யாரோ வாங்கி வளர்த்து, கட்டுப்படியாகாமல் விட்டதாக இருக்கக்கூடும். வெள்ளை பெக்கின் 42 நாளிலேயே 2.2 முதல் 2.5 கிலோவை எட்டிவிடும். நம்மவர் மணிலா வாத்து என்று சொல்லும் மஸ்கோவியில் ஆண் 4.5 முதல் 6.8 கிலோ, பெண் 2.7 முதல் 3.6 கிலோ. ஆணுக்கும் பெண்ணுக்கும் இத்தனை எடை வேறுபாடு மற்ற வளர்ப்பு வாத்துகளில் இல்லை. கண்ணைச் சுற்றிச் சிவந்த சதைப் பரு, கிளையைப் பற்றும் கூரிய நகம், கத்தாமல் சீறும் குரல் ஆகியவை கூடுதல் சான்று. மற்ற வளர்ப்பு வாத்துகளின் முட்டை 28 நாளில் பொரியும். மஸ்கோவிக்கு 35 நாள் வேண்டும். இரண்டும் கலந்து பிறக்கும் குஞ்சு வளரும், ஆனால் இனம் பெருக்காது.

நாட்டில் வளர்ப்பு வாத்துகள் குறையவில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 2.35 கோடி வாத்துகள், 2019இல் 3.35 கோடி. உயர்வு ஏறக்குறைய 42 சதவீதம். அதே 7 ஆண்டில் மொத்தக் கோழியினங்கள் 72.92 கோடியிலிருந்து 85.18 கோடியாயின, உயர்வு 16.8 சதவீதம்.

வளர்க்க ஆகும் செலவை ஒரு நாள் தீவனத்திலிருந்து பார்க்கலாம். முட்டைக்காக வளர்க்கும் காக்கி கேம்பல் வாத்து 20 வாரம் வரை 12.5 கிலோவும், பிறகு நாளொன்றுக்கு 120 கிராமும் தின்னும். ஆண்டுக்கு 43.8 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,752 ரூபாய். அது ஆண்டுக்கு 300 முட்டை இட்டால் முட்டைக்கு 146 கிராம் தீவனம், 5 ரூபாய் 84 காசு. மஸ்கோவி 100 முட்டை இட்டாலே நல்லது. தீவனம் அதே அளவு என்று கொண்டாலும் முட்டைக்கு 17 ரூபாய் 52 காசு. கஞ்சூர் போன்ற ஓரப் பகுதிகளில் மேய விட்டால் இந்தத் தொகை குறையலாம். தாராவியின் 100 சதுர அடி அறையில் மேய விட இடமில்லை. இரவில் அடைக்க வாத்துக்கு 3 சதுர அடி என்றாலும் 10 வாத்து 30 சதுர அடி பிடிக்கும்.

தண்ணீர்க் கணக்கு இதைவிடக் கடினம். செம்பூரில் தோட்டமுள்ள வீட்டில் 10 சதுர மீட்டர் பரப்பில் அரை மீட்டர் ஆழக் குளம் என்றால் 5,000 லிட்டர். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்தாலும், பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி 8 மாதத்தில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 50 லிட்டர். 240 நாளுக்கு 12,000 லிட்டர். குளத்தின் கொள்ளளவைப் போல் 2.4 மடங்கு நீரை ஆவியாவதற்கு மட்டுமே ஊற்ற வேண்டும். எச்சம் கலந்த நீரை மாற்றும் கணக்கு தனி. குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் நகரில், அண்டை வீட்டுக் குடத்தோடு போட்டியிடும் குளம் நியாயமாகாது என்பது என் கருத்து.

காட்டு வாத்துக்கு இடம் வேறு இருக்கிறது. தாராவியை ஒட்டி, குப்பை மேடாக இருந்த நிலத்தில் 37 ஏக்கரில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. போவாய் ஏரி சுமார் 210 ஹெக்டேர். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த தாணே கழிமுகம் 6,521 ஹெக்டேர். வளர்ப்பு வாத்தை இந்த நீர்நிலைகளில் விடுவதில் உள்ள ஆபத்தை ஒரு வட்டம் காட்டும். காட்டு வாத்துகள் நோய்க்குறி இல்லாமலே பறவைக் காய்ச்சல் வைரஸைச் சுமக்கக்கூடியவை. 2021 ஜனவரியில் மும்பையிலும் தாணேயிலும் அது உறுதியானது. வளர்ப்புப் பறவைகளில் நோய் உறுதியானால் கண்காணிப்பு 10 கி.மீ. ஆரம் வரை நீளும். அந்த வட்டத்தின் பரப்பு 314 சதுர கி.மீ.; 603 சதுர கி.மீ. உள்ள பெருமும்பையில் 52 சதவீதத்துக்குச் சமம்.

காட்டு வாத்தைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை எண்ண எந்தத் தடையும் இல்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருந்து கிளம்பும் வாசகர்கள் நாள், இடம், எண்ணிக்கை, காகத்தோடு ஒப்பிட்ட நீளம் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு அதில் சேருங்கள். வளர்ப்பு வாத்தைக் கண்டால் அதையும் தனி வரியில் எழுதுங்கள்.