மூளைக் கட்டி அறுவைக்குப் பின் கண் விழித்தல்

மூளைக் கட்டியை அகற்றும் அறுவை முடிந்ததும், மயக்க மருந்தின் பிடி தளர்ந்து நோயாளி மீண்டும் தன்னையும் தன்னைச் சுற்றியிருப்பவற்றையும் உணரத் தொடங்கும் நேரத்தை நரம்பறுவை மருத்துவர்கள் மிகவும் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். வயிற்றில் அறுவை செய்துகொண்டவரிடம் ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்பது நலம் விசாரிப்பது போன்றது. மூளையில் அறுவை செய்துகொண்டவரிடம் அதே கேள்வி ஒரு பரிசோதனை. அவர் கண் திறக்கிறாரா, சொன்னது புரிகிறதா, நாக்கு எழுகிறதா, இரு கைகளும் ஒன்றுபோல் அழுத்துகின்றனவா என்பவற்றைக் கொண்டே அறுவை எப்படி முடிந்தது என்ற முதல் செய்தி கிடைக்கிறது. ஸ்கேன் படமெல்லாம் அதற்குப் பிறகுதான். இதற்காகவே, சிக்கல் இல்லாத அறுவைகளில் கூடிய விரைவில் நோயாளியை எழுப்பிவிடவே மயக்க மருத்துவர்கள் விரும்புகிறார்கள். பெரிய கட்டியாக இருந்தாலோ மூளை வீங்கியிருந்தாலோ ஓரிரவு மயக்கத்திலேயே வைத்து, மறுநாள் எழுப்புவதும் உண்டு. அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் ‘இன்னும் முழிக்கலையே’ என்று கலங்கும் பல சமயங்களில் இதுவே காரணம்.

உறக்கமும் மயக்கமும்

மயக்கத்தை உறக்கம் என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் இரண்டும் வேறு. உறங்கி எழுந்தவருக்கு இத்தனை நேரம் போயிருக்கும் என்ற ஒரு மங்கலான கணக்காவது இருக்கும். புரோபோபோல் போன்ற மருந்துகளால் மயக்கப்பட்டவருக்கு அது இருப்பதில்லை. முகமூடியை வைத்து மூச்சை இழுத்துவிடச் சொன்னது நினைவிருக்கும். அடுத்த கணமே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இடையில் ஆறு மணி நேரமோ பத்து மணி நேரமோ போயிருக்கும். ஆகவே, விழித்ததும் ‘இன்னும் ஆரம்பிக்கலையா?’ என்று கேட்பவர்கள் பலர். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னால் நம்பாமல் கையைத் தூக்கித் தலைக்கட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

மூளை எந்த வரிசையில் மீள்கிறது என்பதும் சுவையான கேள்வி. நலமான தன்னார்வலர்களை மூன்று மணி நேரம் மயக்கத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. வடிவங்களுக்குள் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது போன்ற உயர்நிலைச் சிந்தனை முந்தியும், எதிர்வினை வேகமும் கவனமும் பிந்தியும் திரும்பியதாக அதில் கண்டார்கள். எளியது முதலில், கடினமானது பிறகு என்றுதான் நாமெல்லாம் எதிர்பார்த்திருப்போம். ஆனால் அவர்கள் தலையில் கத்தி படாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கட்டி அழுத்திக்கொண்டிருந்த, அறுவையால் சற்று வீங்கிய மூளை இவ்வளவு சீராக மீளும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் தெரிபவை

உயிரோடு இருக்கிறோமா என்பதே முதல் எண்ணமாக இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சிலருக்கு அப்படியும் இருக்கும். பெரும்பாலும் உடம்புதான் முதலில் பேசும். மூச்சுக்குழாயில் வைத்திருந்த குழாயால் தொண்டை கரகரக்கும். நாக்கு வறண்டு தண்ணீருக்குத் தவிக்கும். ஆனால் விழுங்கும் திறன் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும்வரை வாயை நனைப்பதோடு நிறுத்திவிடுவார்கள். குளிரில் உடம்பு நடுங்கும். சிறுநீர் கழிக்க வேண்டும் போல உறுத்தும். அது வடிகுழாயின் வேலை. நெற்றிப் பக்கம் திறந்திருந்தால் மறுநாள் கண் இமைகள் வீங்கி மூடிக்கொள்ளலாம். அதைக் கண்டு பார்வையே போய்விட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை. வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடும்.

தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலிப்பவை உச்சித்தோலும், தசைகளும், மூளையைப் போர்த்தியிருக்கும் உறையும்தான். அறுவையின்போது தலை அசையாமலிருக்க மூன்று முனைகள் கொண்ட ஒரு பிடியில் மண்டையோட்டைப் பொருத்துவார்கள். வெட்டிய இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் சிறு புண் வலிப்பதாக நோயாளி சொன்னால் அது அந்த முனை பட்ட இடமாக இருக்கலாம்.

முதல் நினைவு எது?

‘விழித்ததும் முதலில் என்ன நினைத்தீர்கள்?’ என்று கேட்டால் எல்லோருமே ஏதோ ஒரு பதில் வைத்திருப்பார்கள். ஆனால் அது பெரும்பாலும் முதல் எண்ணமாக இருக்காது. நினைவில் தங்கிய முதல் எண்ணமாகவே இருக்கும். அறுவை அரங்கிலேயே கண் திறந்து, பெயர் சொல்லி, கையை அழுத்திக் காட்டியவர், பிறகு அதில் ஒன்றுகூட நினைவில்லை என்பார். பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கப்படும் மிடசோலம் போன்ற மருந்துகள் புதிய நினைவுகள் பதிவதைத் தடுப்பதும் இதற்கு ஒரு காரணம். மருந்து உடலில் இருக்கும் நேரத்தில் அவர் பேசுவார், சிரிப்பார், கேள்வி கேட்பார்; எதுவும் ஏட்டில் ஏறாது.

இது வெறும் வேடிக்கைச் செய்தி அல்ல. ‘கட்டி முழுவதும் எடுத்தாச்சா? புற்றுநோயா?’ என்று நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் கேட்கிறார். பதில் சொல்லப்படுகிறது. அரை மணி கழித்து அதே கேள்வி, பிறகு மீண்டும். மகனோ மகளோ ‘அப்பாவுக்கு நினைவே போய்விட்டதா’ என்று அஞ்சுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பது போலவே எண்ணிப் பதில் சொல்வதுதான் வழி. கட்டியின் தன்மை பற்றி உறுதியான முடிவு அன்று எவருக்கும் தெரிந்திருக்காது என்பதும் நினைவிருக்க வேண்டும். அறுவையின்போதே ஒரு துண்டை உறைய வைத்துச் சோதித்து ஓரளவு சொல்வார்கள். முழுமையான திசு ஆய்வு அறிக்கை வரச் சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள்வரை ஆகும்.

வயதானவர்களில் சிலருக்கு முதல் ஓரிரு நாட்கள் மனக்குழப்பமும் வரலாம். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, குழாய்களைப் பிடுங்குவது, மருத்துவமனையைத் தன் பழைய அலுவலகம் என்று நினைப்பது போன்றவை வெளியே தெரியும் வகை. பேசாமல் சுருண்டு கிடப்பது இன்னொரு வகை; ‘பாவம், ஓய்வெடுக்கிறார்’ என்று அது கவனிக்கப்படாமலே போய்விடும். மூளை வீக்கத்தைக் குறைக்க 1960களிலிருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பயன்பட்டு வருகிறது. வீக்கத்தைக் குறைப்பதில் கெட்டிக்கார மருந்துதான்; ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், சிலரைக் காரணமில்லாத உற்சாகத்திலும் சிலரை எரிச்சலிலும் தள்ளும். விழித்த அன்றே ‘உலகமே புதிதாகத் தெரிகிறது’ என்று ஒருவர் பொங்குவதில், பிழைத்த மகிழ்ச்சி எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்விகளும் மதிப்பெண்களும்

கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் 1974இல் வகுத்த அளவுகோல் இன்று உலகம் முழுவதும் வழக்கில் இருக்கிறது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண்கள். ஒன்றுமே செய்யாதவருக்கும் 3 உண்டு, சுழியம் கிடையாது. முதல் இரவில் செவிலியர் அடிக்கடி வந்து எழுப்பிக் கேள்வி கேட்பதும், கண்ணில் டார்ச் அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பதும் இந்தக் கணக்குக்காகத்தான். அறுவை செய்த இடத்தில் இரத்தம் கசிந்து தேங்கினால் அது பெரும்பாலும் முதல் சில மணி நேரங்களிலேயே நிகழும். 15 வாங்கியவர் 13க்கு இறங்கினால் உடனே ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் மறுபடியும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள். தூங்க விடாமல் தொல்லை செய்கிறார்கள் என்று நோயாளி சலித்துக்கொள்ளும் அந்த எழுப்பல்தான் உயிர் காப்பது.

இந்த மதிப்பெண் முறையில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. என் அக்காவுக்கு மூளை உறையில் கட்டி. அறுவை முடிந்து விழித்த அன்று மாலை, வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒரு செவிலியர் தனக்குத் தெரிந்த தமிழில் ‘இது என்ன மாசம்?’ என்று கேட்டார். அக்கா ‘ஆவணி’ என்றார். அருகில் நின்ற அத்தானைக் காட்டி ‘இவர் பேர் சொல்லுங்க’ என்றார். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஐம்பது வருடமாகச் சொல்லாத பெயரைத் தலையில் கட்டோடு சொல்லிவிடுவாரா? செவிலியர் பேச்சில் குழப்பம் என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தன் கடமையைத்தான் செய்தார். பிறகு வந்த மருத்துவர் எங்கள் பக்கத்து மாவட்டத்துக்காரர். ‘பிள்ளைங்க எத்தனை பேரும்மா? பெரியவன் எங்க இருக்கான்?’ என்று கேட்டார். அக்கா கடகடவென்று சொன்னதும் மதிப்பெண் 15 ஆயிற்று.

ஆகவே அறுவைக்கு முன்பே நோயாளியின் தாய்மொழி எது, தமிழ் மாதக் கணக்கில்தான் நாளைச் சொல்வாரா, எந்தக் காதில் கேட்காது, கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரியும் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிவிடுவது நல்லது. பல மொழி தெரிந்தவரின் பேச்சு மையம் பாதிக்கப்பட்டால் எல்லா மொழிகளும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. சிறு வயதில் கற்றது முதலில் வரும் என்று ரிபோவும், மிகுதியாகப் பழகியது முதலில் வரும் என்று பித்ரும் 19ஆம் நூற்றாண்டிலேயே கருத்துச் சொன்னார்கள். இரண்டுக்கும் சான்றுகளும் உண்டு, விலக்குகளும் உண்டு. ஆங்கிலக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் தமிழில் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

கட்டி இருந்த இடம்

விழிப்பு எப்படி இருக்கும் என்பது கட்டி எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. இடது பக்கப் பேச்சுப் பகுதியை ஒட்டியிருந்தால், சொல்ல வந்த பொருள் மனத்தில் இருக்கும், சொல் மட்டும் வராது. பெருமூளையின் பின்பகுதியில் என்றால் பார்வைப் புலத்தில் ஒரு பாதி மறையலாம். காது நரம்புக் கட்டி என்றால் கண் திறந்ததும் கட்டில் சுழலும்; ஒரு பக்கக் கேள்வி போயிருக்கலாம், முகம் கோணலாம். பிட்யூட்டரிக் கட்டியை மூக்கு வழியாக எடுத்தவருக்குத் தலையில் கட்டே இருக்காது. மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடுவார். அவருக்கு அளவுக்கு மீறிய தாகமும் சிறுநீர்ப் போக்கும் ஏற்பட்டால் உடனே சொல்ல வேண்டும்.

இரண்டு நிலைகளைத் தனியே சொல்லியாக வேண்டும். முன்மூளையின் உட்பக்கத்தில், அசைவைத் திட்டமிடும் பகுதிக்கருகில் அறுவை நடந்தால், நோயாளி ஒரு பக்கக் கை கால் அசையாமலும் பேசாமலும் விழிக்கலாம். பார்ப்பதற்குப் பக்கவாதம் போலவே இருக்கும்; ஆனால் பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ பேச்சும் அசைவும் மீளும். மற்றொன்று குழந்தைகளுக்கு வருவது. சிறுமூளைக் கட்டி எடுக்கப்பட்ட குழந்தை விழித்து அம்மாவிடம் பேசுகிறது; ஓரிரு நாளில் பேச்சு நின்றுவிடுகிறது. பெற்றோர் இதைத் தங்கள் கவனக்குறைவு என்று எண்ணித் தவிப்பதுண்டு. அப்படியன்று. சிறுமூளைக்கும் பெருமூளைக்கும் இடையிலான நரம்புப் பாதைகள் பாதிக்கப்படுவதால் வரும் இது ‘சிறுமூளைப் பேச்சின்மை’ எனப்படுகிறது. பேச்சு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்புகிறது. தெளிவு குறைந்து திரும்புவதும் உண்டு.

விழித்தபடியே கடந்தவர்

இத்துறையில் ஒரு நோயாளி எழுதிய பழைய, சிறந்த நூல்களில் ஒன்று ஹங்கேரிய நகைச்சுவை எழுத்தாளர் ஃபிரிட்யெஷ் கரின்தியுடையது. 1936 மார்ச்சில் புடாபெஸ்டில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது ரயில் புறப்படும் இரைச்சல் அவருக்குக் கேட்டது. அந்தத் தெருவில் ரயிலே கிடையாது. பிறகு தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை. சிறுமூளையில் கட்டி என்று தெரிந்ததும் ஸ்டாக்ஹோமுக்குச் சென்றார். அங்கே ஸ்வீடன் நரம்பறுவையின் முன்னோடியான ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனா அந்த ஆண்டு மே மாதம் அறுவை செய்தார். முழு மயக்கம் கொடுக்கவில்லை. இடத்தை மட்டும் மரக்கச் செய்து, துளைக் கருவியின் ஓசையை நோயாளி கேட்டுக்கொண்டிருக்கவே மண்டையோட்டைத் திறந்தார். இடையில், தான் மேலே மிதந்து தன் தலை திறக்கப்படுவதைத் தானே பார்ப்பது போன்ற ஒரு மாயத்தோற்றம் வந்ததாகக் கரின்தி எழுதியிருக்கிறார். பார்வை திரும்பியது. ‘என் மண்டையோட்டைச் சுற்றி ஒரு பயணம்’ என்று பொருள்படும் அவருடைய நூல் 1937இல் வெளிவந்தது. 1938 ஆகஸ்டில் காலமானார்.

அவர் நூல் வெளிவந்த அதே 1937இல்தான் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின், கட்டி எடுக்கும் அறுவைக்குப் பின் கண் விழிக்காமலே ஜூலை 11 அன்று இறந்தார். அவருக்கு வயது 38. ரப்பர் எரிவது போன்ற நாற்றம் வீசுகிறது என்று முன்பே சொல்லி வந்தார்; அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நோயாளியை விழித்திருக்க வைத்துச் செய்யும் முறையைக் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு வளர்த்தெடுத்தார். 1928இல் அவர் தம் சொந்த அக்காவுக்கே மூளைக் கட்டி அறுவை செய்தவர். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்று பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி இருப்பவரை நடுவில் எழுப்பி, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிறார்கள். ‘பூனை’, ‘குடை’, ‘சாவி’ என்று அவர் சொல்லிக்கொண்டே வரும்போது, எந்த இடத்தைத் தூண்டினால் சொல் தடைபடுகிறதோ அந்த இடத்தில் மருத்துவரின் கை நின்றுவிடும்.