ஐசியூ நோயாளியை எழுப்பி உட்கார வைக்கலாமா?

உடம்பு முடியாதவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயும் படுக்கையும் சேர்ந்து உடம்பைத் தின்றுவிடுகின்றன. லண்டனில் 63 நோயாளிகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், பத்தே நாளில் தொடையின் முன்தசை ஏறத்தாழ 18 சதவீதம் சுருங்கியிருந்தது. உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் ஒரு டம்ளரைத் தூக்கவும் தடுமாறுவதற்கு இதுவும் காரணம். இதற்கு மாற்று வழியை 2009-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. சிகாகோவிலும் அயோவாவிலும் வென்டிலேட்டரில் இருந்த 104 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு குழுவுக்கும் மயக்க மருந்து நாள்தோறும் சற்று நேரம் நிறுத்தப்பட்டது. அந்த விழிப்பு நேரத்திலேயே பயிற்சி தொடங்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது தம் வேலையைத் தாமே செய்யும் நிலைக்கு வந்திருந்தார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். அப்படியானால் எல்லோரையும் சீக்கிரம் எழுப்பிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். யாரை, இன்று, எந்த அளவுக்கு என்று கணித்த பிறகு எழுப்புவதுதான் சிகிச்சை. கணிக்காமல் எழுப்புவது துணிச்சல் மட்டுமே.

அந்தக் கணிப்பில் என்னென்ன பார்க்கிறார்கள்? முதலில் நினைவு. கண்ணைத் திறந்து மூடுங்கள், என்னைப் பாருங்கள், நாக்கை நீட்டுங்கள், தலையை ஆட்டுங்கள், ஐந்து எண்ணியதும் புருவத்தை உயர்த்துங்கள் என்று ஐந்து கட்டளைகள். இவற்றுக்கு இணங்குபவரிடம்தான் தசை வலிமையைச் சோதிக்க முடியும். கை கால்களில் பக்கத்துக்கு ஆறு தசைத்தொகுதிகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 60. அது 48-க்குக் கீழே போனால் ஐசியூவில் உண்டான பலவீனம் என்று கொள்கிறார்கள். அடுத்து மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், அதைத் தாங்கிப் பிடிக்கச் செலுத்தும் மருந்தின் அளவு, ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, உடம்பில் செருகியிருக்கும் குழாய்கள். பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2014-ல் இவற்றைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து சிக்னல் போல வகுத்துத் தந்தது. படுக்கையிலேயே செய்யும் பயிற்சிக்கு ஒரு நிறம், படுக்கையை விட்டு இறங்குவதற்குத் தனி நிறம் என்பது அதன் நுட்பம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரை இறக்கக் கூடாது. ஆனால் படுக்கையில் கை காலை அசைக்க வைக்கலாமா என்பதை எச்சரிக்கையோடு யோசிக்க இடமுண்டு. தொண்டையில் டியூப் இருப்பது மட்டுமே தடையல்ல என்றும் அந்தக் குழு சொன்னது.

இதையெல்லாம் மறுக்கச் சிலர் 2022-ல் வந்த ‘டீம்’ ஆய்வைக் காட்டுவார்கள். ஆறு நாடுகளில் வென்டிலேட்டர் நோயாளிகள் 750 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், கூடுதல் பயிற்சியால் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் கூடவில்லை. பயிற்சியோடு தொடர்புடைய பாதகங்கள் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 சதவீதமாக உயர்ந்தன. பக்கவாத நோயாளிகள் 2,104 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ‘அவர்ட்’ ஆய்விலும், 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பப்பட்டவர்களே சற்றுப் பின்தங்கினார்கள். மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல இவை. ஆனால் ‘டீம்’ ஆய்வில் ஒப்பிடப்பட்ட மற்ற குழுவும் சும்மா படுத்திருக்கவில்லை. அவர்களுக்கும் நாள்தோறும் சராசரியாக ஒன்பது நிமிடம் பயிற்சி இருந்தது, கூடுதல் குழுவுக்கு ஏறத்தாழ 21 நிமிடம். ஆகவே அசைக்காதே என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதிகம் என்பதாலேயே நல்லதாகிவிடாது என்கிறது. எவ்வளவு போதும் என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் அன்றன்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்ற வாதத்தை அது வலுப்படுத்தவே செய்கிறது.

குழாய் கழன்றுவிடும், நோயாளி விழுந்துவிடுவார் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் 2017-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 22,000-க்கும் மேற்பட்ட பயிற்சி அமர்வுகளில் பாதுகாப்புச் சிக்கல் நேர்ந்தது 2.6 சதவீதத்தில் மட்டுமே என்று கண்டது. ஆள் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். மூச்சும் துடிப்பும் அழுத்தமும் ஏற்கெனவே மானிட்டரில் ஓடிக்கொண்டிருக்கின்றன; புதிதாகத் தேவைப்படுவது நினைவையும் வலிமையையும் சோதிக்கச் சில நிமிடங்கள்தான். மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் மூவரும் காலைச் சுற்றின்போதே சேர்ந்து முடிவெடுத்தால் நேரமும் மிச்சம். பயிற்சி தொடங்கிய பிறகும் கணிப்பு ஓய்வதில்லை. ஆக்சிஜன் இறங்கினாலோ துடிப்பு தாறுமாறானாலோ அங்கேயே நிறுத்தியாக வேண்டும்.

நோயாளியின் குடும்பத்துக்கும் இதில் பங்குண்டு. “எப்போது நடக்க வைப்பீர்கள்?” என்று அவசரப்படுத்துவதும் “தொடவே தொடாதீர்கள்” என்று தடுப்பதும் வேண்டாம். “இன்று பரிசோதித்துப் பார்த்தீர்களா? எந்த அளவுக்கு அசைக்கலாம்?” என்று தினமும் கேளுங்கள். கூடவே, நோய் வருவதற்கு முன் அவர் எவ்வளவு நடமாடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லுங்கள். மானிட்டரில் தெரியாத அந்தத் தகவலை உங்களால்தான் தர முடியும்.