படத்தில் புள்ளி விழுகிறதா? தாளைக் கவனியுங்கள்!

கருமாதிக்கு இரண்டே நாள் இருக்கும். மறைந்த தாத்தாவின் படம் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அதுவும் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் எடுத்தது. பேரப்பிள்ளை அதை ஸ்கேன் செய்து, ஏ4 பளபளப்புத் தாளில், வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியிலேயே எடுத்துவிடுகிறான். முகம் அருமையாக வந்திருக்கிறது. சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது, கோட்டின் மேல் ஊசியால் குத்தியது போல வரிசை வரிசையாகப் புள்ளிகள்! சாலாக் செலாத்தான் அடுக்குமாடி வீடுகளிலிருந்து கிள்ளான் வரைக்கும் பல வீடுகளில் நடப்பதுதான் இது.

மை சரியில்லை, மெஷின் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. உள்ளே நுழைந்து வெளியே வரும் வழியில் ஏதோ ஒன்று தாளின் முகத்தைத் தொட்டிருக்கிறது. எது தொட்டது என்பதை அந்தத் தடமே காட்டிக்கொடுத்துவிடும்.

தாள் நகரும் திசையிலேயே, சம இடைவெளியில், நேர்வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் அது பல்சக்கரத்தின் வேலை. அச்சுப்பொறியின் மூடியைத் திறந்து, தாள் வெளியேறும் இடத்தைப் பாருங்கள். நட்சத்திரம் போல் கூர்மையான பற்கள் கொண்ட சிறு சக்கரங்கள் அங்கே வரிசையாக இருக்கும். மை காயாத பக்கத்தை அழுத்தமான ரப்பர் உருளையால் பிடித்தால் படம் இழுபட்டுவிடும். ஆகவே, முனை மட்டும் படட்டும் என்றுதான் பல் வைத்திருக்கிறார்கள். சாதாரணத் தாளில் இது தெரியவே தெரியாது. பளபளப்புத் தாளின் பூச்சு, மையைக் குடித்துச் சற்று நேரம் இளகி நிற்கும். அப்போது பல் பதிந்தால் குழி விழுகிறது. மை அதிகம் விழுவது கறுப்பில். கோட்டும் தலைமுடியும் முதலில் கெட்டுப்போவதற்குக் காரணம் அதுதான்.

தொல்லையே இல்லாத அச்சுப்பொறியும் இருந்தது. பாடகர் கிரஹாம் நாஷ் 1991-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அச்சகத்தில், ஐரிஸ் 3047 என்ற இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் தாள் ஓர் உருளையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சுழலும். மை விழுந்த பக்கத்தைச் சக்கரம் எதுவும் தொடாது. ஆனால், அதன் விலைக்கு அன்று ஒரு வீடே வாங்கியிருக்கலாம்!

புள்ளிகளாக இல்லாமல் ஓரத்தில் மை இழுபட்டிருந்தால், அல்லது மூலையில் கீறல் இருந்தால், அது அச்சுத்தலை உரசியது. தலைக்கும் தாளுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவான இடைவெளிதான். மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டாலே போதும். தாளின் கடைசிப் பகுதியில் இது அதிகம். உள்ளே தள்ளிய உருளை அதற்குள் பிடியை விட்டுவிடுவதால் வால்பகுதி துள்ளும். ஓரம் விடாமல் முழுத் தாளிலும் அச்சிடுவோருக்கு இந்த அபாயம் கூடுதல். ஆகவே, பெரிய படங்களுக்கு வெள்ளை ஓரம் விட்டு எடுப்பதே நல்லது. எப்படியும் படச்சட்டம் அதை மறைத்துவிடும்.

மூலை ஏன் தூக்குகிறது? இங்கேதான் நம் ஊர்க் காற்று வருகிறது. புகைப்படத் தாளுக்கு 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது என்பார்கள். கோலாலம்பூர் வட்டாரத்தின் சராசரியோ 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. மாலை மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். தட்டில் போட்டு வைத்த தாளின் ஓரங்கள் ஈரத்தை இழுத்து ஊதும். நடுப்பகுதி அப்படியே இருக்கும். விளைவு, தாள் அலை அலையாக நெளிகிறது. அச்சுப்பொறித் தட்டில் இரவு முழுவதும் தாளை விட்டுவைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த ஒன்றை நிறுத்தினாலே பாதிக் கோளாறு போய்விடும். தேவையான தாளை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறைக்குள் இறுக்கி மூடுங்கள். குளிர்சாதன அறையில் இருந்த கட்டை வெளியே கொண்டுவந்த உடனே பிரிக்க வேண்டாம். குளிர்ந்த தாளில் ஈரம் படியும். நெளிந்த தாளை எதிர்ப்பக்கம் முறுக்காதீர்கள். சில தாள்களில் பூச்சே வெடித்துவிடும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஓர் இரவு வையுங்கள்.

அச்சிடும்போது ஒவ்வொரு தாளாக வையுங்கள். அடுக்கி வைத்தால் ஒன்றின் முதுகு மற்றொன்றின் முகத்தை உரசும். பின்பக்கத் தட்டு உள்ள அச்சுப்பொறியானால் அதிலேயே வையுங்கள். கீழ்ப்பெட்டியில் வைத்தால் தாள் அரைவட்டமாக வளைந்து திரும்ப வேண்டியிருக்கும். கணினியில் தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். தவறான வகையைச் சொன்னால் மையின் அளவு தாளுக்குப் பொருந்தாமல் போகும். அதிகமாகக் கொட்டிவிட்டால் பூச்சு நெடுநேரம் இளகியே கிடக்கும். கேனன் அச்சுப்பொறிகள் பலவற்றில் தாள் உரசலைத் தடுக்கும் தேர்வு உண்டு. எப்சனில் தடித்த தாளுக்கான தேர்வு உண்டு. இரண்டுமே தலைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுபவை. படத்தின் கூர்மை ஒரு நூல் குறையலாம், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வேலை முடிந்ததும் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். பின்பக்கத்தில் மைக்கறை வந்தால், முன்பு ஓரமில்லாமல் எடுத்த படங்களின் மை உள்ளே சிந்திக் கிடக்கிறது என்று பொருள். வெறுந்தாள் இரண்டு மூன்றை ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

வெளியே வந்த படத்தை மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிடுவோர் உண்டு. வேண்டாம், கிடையாக வையுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே வெள்ளைத் தாள் ஒன்றைப் பரப்பி, ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டுச் சட்டத்துக்குள் போட்டால் மையிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் பனி போல் படியும். படமே கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே அட்டை ஓரம் ஒன்றைச் செருகுவது பாதுகாப்பு.

விழுந்த குழியைத் துடைத்தோ தேய்த்தோ சரிசெய்ய முடியாது. மறுபடி எடுப்பதுதான் வழி. முதலில் 4 ஆர் தாளில் கோட்டுப் பகுதியை மட்டும் அச்சிட்டு, சன்னலோரம் சாய்த்துப் பாருங்கள். புள்ளி இல்லை என்றால் பெரிய தாளை வையுங்கள். தாத்தாவின் பழைய படத்தை மட்டும், தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனருக்குள் ஒருபோதும் விடாதீர்கள். அங்கேயும் உருளைகள்தாம் இருக்கின்றன. கண்ணாடித் தளத்தில் கவிழ்த்து வைத்து எடுத்துவிட்டு, பத்திரமாக உறைக்குள் போட்டுவிடுங்கள்.